முதல் சலவையில் தெரியவரும் தவறுகள்: கைத்தறித் துணியில் தைத்து விற்பவர்களுக்கு

கைத்தறித் துணியில் குர்தா, பிளவுஸ், பை என்று தாங்களே வடிவமைத்து விற்பவர்களுக்கு வரும் புகார்களில் பல, உடை வாடிக்கையாளர் வீட்டில் ஒருமுறை துவைத்த பிறகுதான் வரும். ஆனால் தவறு நடந்தது கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பு.

துணியை நனைக்காமல் வெட்டுவதுதான் அதில் தலையாயது. தறியில் பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்துவிடாமல் இருக்கக் கஞ்சி போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். நெய்து முடியும்வரை அந்த நூல் விறைப்பாக இழுபட்டே இருக்கும். தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைந்து நூல் தளர்கிறது. அதனால்தான் பெரும்பாலும் அகலத்தைவிட நீளம் அதிகமாகச் சுருங்குகிறது. எவ்வளவு என்று பார்க்க, துணியின் ஒரு முனையில் பாவு வாக்கிலும், அகலத்தில் குறுக்கே ஓடும் ஊடை நூலின் வாக்கிலும் 50 செ.மீ. அளந்து, வேறு நிற நூலால் அடையாளத் தையல் போடுங்கள். பேனாக் கோடு தண்ணீரில் போய்விடும். நனைத்துக் காயவைத்து அளக்கும்போது 47.5 செ.மீ. வந்தால் சுருக்கம் 5 சதவீதம். 44 அங்குலக் குர்தாவில் அது 2.2 அங்குலம்.

முழுத் துணியையும் இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே பாவு வாக்கில் இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். இந்த 5 சதவீதக் கணக்கில், 2.5 மீட்டர் தேவைப்பட்டால் 2.65 மீட்டர் வாங்க வேண்டியிருக்கும். நனைத்தால் புதுத்துணியின் விறைப்பு போய்விடுமே என்று தயங்க வேண்டாம். தைத்து முடித்த பிறகு மெல்லிய கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் அது திரும்பிவிடும்.

மேல்துணியை நனைத்துவிட்டு லைனிங்கை அப்படியே வைத்துத் தைப்பவர்களும் உண்டு. லைனிங் சுருங்கியதும் மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். இதைவிடக் கண்ணில் படாதது கழுத்தோரத்தில் வைத்துத் தைக்கும் பைப்பிங் பட்டிக்குள் போகும் பருத்திக் கயிறு. 26 அங்குலக் கழுத்தில் அந்தக் கயிறு ஒரே ஒரு அங்குலம் சுருங்கினாலும் கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கங்கள் விழும். எந்த இஸ்திரிக்கும் அவை நிமிராது, பிரித்துத்தான் தைக்க வேண்டும். கயிற்றையும் சுருளாகக் கட்டி வெந்நீரில் போட்டு எடுத்துவிடுங்கள்.

அடுத்தது சாயம். சாயம் ஒட்டுகிறதா என்று, ஈரமான வெள்ளைத் துணியால் கைத்தறித் துணியைப் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பிறகு அதில் ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். நான்கு அலசலுக்குப் பிறகும் தண்ணீர் தெளியவில்லை என்றால் அந்தத் துணியை வெளிர்நிறத்தோடு சேர்த்துத் தைக்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, சாயம் நூலில் ஏற அது உதவுகிறது. நூலில் பிடிக்காமல் மேலே ஒட்டியிருக்கும் சாயத்தைப் பிறகு போடும் உப்பு பிடித்துவைக்காது. இண்டிகோ நன்றாக ஏற்றியதாக இருந்தாலும் உரசலில் கொஞ்சம் ஒட்டும். வெள்ளைக் கைப்பையோடு உரசும் இடுப்புப் பகுதியை நினைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்துங்கள்.

வெட்டும்போது துணி ஓரம் நேராக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். ஊடை நூல் ஒன்றை உருவி, அந்தத் தடத்தில் வெட்டினால்தான் உண்மையான நேர்கோடு கிடைக்கும். கோணலாக வெட்டிய பேன்ட்டின் கால், துவைத்ததும் முறுக்கிக்கொண்டு பக்கத்தையல் முன்பக்கம் வந்துவிடும். கட்டம் போட்ட துணி என்றால் பக்கத்தையலில் கட்டங்கள் சேர, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்ட அளவு கூடுதல் துணி வேண்டும்.

சில்க் காட்டன், கோரா காட்டன் போன்றவற்றில் நூல் வழுக்கும். அக்குளிலும் பக்கத்திலும் தையலுக்கு உள்ளே கால் அங்குலம் மட்டும் விட்டு, ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் போட்டால், தையல் பிரியாமலேயே துணி தையலை விட்டு விலகிச் சல்லடைபோல் ஆகிவிடும். ஒரு அங்குலம் உள்ளே விடுங்கள், 11 எண் ஊசி போடுங்கள், உடம்போடு ஒட்டாத தளர்வான அளவில் வெட்டுங்கள். ஜமக்காளத் துணியில் பை தைக்க 16 அல்லது 18 எண் ஊசி வேண்டும். கைப்பிடியின் முனையைப் பைக்குள் இரண்டு அங்குலம் இறக்கி, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையுங்கள்.

விலையில் நடக்கும் தவறு சலவையில் தெரியாது, வருடக் கடைசியில் தெரியும். ஒரு குர்தாவுக்குத் துணி 795 ரூபாய், லைனிங்கும் பட்டனும் நூலும் 150, வெட்டுக்கும் தையலுக்கும் 350, இஸ்திரியும் பேக்கிங்கும் 50 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,345. பலரும் இதன்மேல் கொஞ்சம் வைத்து 1,500க்கு விற்கிறார்கள். நனைத்தல், சரிபார்த்தல், படமெடுத்தல், அனுப்புதல் என்று உங்கள் கையால் நான்கு மணி நேரம் போயிருந்தால், மணிக்கு 100 ரூபாய் போட்டாலே அடக்கம் 1,745. கடையில் வைத்து விற்று, கடைக்காரர் 30 சதவீதம் எடுத்துக்கொள்வார் என்றால், அடக்கத்தோடு 30 சதவீதம் கூட்டுவது தவறு. 2,269 ரூபாய்க்கு விற்று அவர் பங்கு போக உங்கள் கைக்கு வருவது 1,588தான். 1,745ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும். 2,493 ரூபாய்க்கு விற்றால்தான் அடக்கமே திரும்பும், லாபம் அதற்கு மேல்.

கடைசியாக, உடையில் மாட்டும் அட்டையில் எழுதும் சொற்கள். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்றும், அச்சடித்த புள்ளியைச் சுங்குடி முடிச்சு என்றும் எழுதுவது நெசவாளருக்கும் முடிச்சுப் போடும் பெண்களுக்கும் செய்யும் அநியாயம். சுங்குடியில் துணியைக் கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றி எடுக்கும் புள்ளிகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கும். எல்லாப் புள்ளியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் ‘சுங்குடி வடிவ அச்சு’ என்றே எழுதுங்கள். அதன் கீழே நூல் வகை, நனைத்துச் சுருக்கிய துணியா இல்லையா, உடையின் மார்பளவு, நீளம் ஆகியவை அங்குலத்தில் இருக்கட்டும். ‘முதல் இரண்டு முறை தனியாகத் துவைக்கவும், நிழலில் உலர்த்தவும்’ என்ற வரியைத் தாளில் எழுதாமல் உள்பக்கத்தில் நாடாவில் தைத்துவிடுங்கள்.