காட்டுக்குத் திரும்பிய பறவைகள்: கூடு பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தில் எலி, பூனை, ஸ்டோட் என்னும் சிறு வேட்டை விலங்கு ஆகியவற்றால் பல இடங்களில் அழிந்துபோன காட்டுப் பறவைகளை, அந்த எதிரிகள் இல்லாத தீவுகளிலும் வேலியடைத்த சரணாலயங்களிலும் மறுபடி விட்டுவருகிறார்கள். ஹிஹி என்ற சிறு பறவை ஹௌடூரு தீவில் மட்டுமே எஞ்சியிருந்தது. 1995இல் டிரிடிரி மடங்கி தீவுக்கும், 2005இல் வெலிங்டன் நகருக்குள் இருக்கும் சீலாண்டியா சரணாலயத்துக்கும் அதைக் கொண்டுபோனார்கள். பறவைகளை விடுவது சில நாள் வேலை. அவை அங்கே பெருகுகின்றனவா என்று பார்ப்பது பல ஆண்டு வேலை, தவறுகள் நடப்பதும் அங்கேதான்.

முதல் தவறு, இரண்டு பறவைகள் ஒன்றாகத் திரிந்தால் ஜோடி என்று எழுதிக்கொள்வது. கோகாக்கோ பறவையில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பெண்தான் அடைகாக்கும். அதனால் கூட்டிலேயே எலிக்கும், போசம் என்னும் மரமேறும் விலங்குக்கும் இரையாவது பெரும்பாலும் பெண் பறவைதான். பெண் குறைந்த காடுகளில் இரண்டு ஆண்கள் சேர்ந்து எல்லை பிடித்து, சேர்ந்தே பாடும். பாட்டைக் கேட்டு ஜோடிகளை எண்ணியவர்களுக்குக் காடு நன்றாக இருப்பதாகத் தோன்றியிருக்கும். முட்டையோ குஞ்சோ கண்ணில் படும்வரை அதை இனப்பெருக்க ஜோடியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது கணக்கில் வரும் தவறு. கண்ட கூடுகளில் எத்தனை பிழைத்தன என்று நேரடியாகச் சதவீதம் போட்டால் எப்போதும் நல்ல செய்தியே வரும். ஒரு கூடு ஒரு நாளைத் தாண்டும் வாய்ப்பு 97 சதவீதம், முட்டை முதல் குஞ்சு பறக்கும்வரை 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். 100 கூடுகளில் 40தான் கடைசிவரை தேறும். ஆனால் கடைசி 10 நாள் பாக்கியிருக்கும்போது கண்டுபிடித்த கூடுகளை மட்டும் எண்ணினால் 74 சதவீதம் தேறியதாகத் தெரியும். சீக்கிரம் அழிந்த கூடுகள் நம் கண்ணில் படவே இல்லையே! ஹெரால்ட் மேஃபீல்ட் என்ற அமெரிக்கப் பறவை ஆய்வாளர் 1961இல் இதற்கு எளிய வழி சொன்னார்: அழிந்த கூடுகளின் எண்ணிக்கையை, எல்லாக் கூடுகளையும் நாம் கவனித்த மொத்த நாள்களால் வகுத்தால் ஒரு நாளுக்கான இழப்பு கிடைக்கும். அதற்குக் கூட்டைக் கண்ட தேதியும், பார்த்த ஒவ்வொரு தேதியும் நோட்டில் இருக்க வேண்டும். அவசரத்தில் பலர் விடுவது இதைத்தான்.

கூட்டுக்கு எப்போது போவது என்பதும் முக்கியம். கூடு கட்டும்போதும் முட்டையிடும்போதும் தொந்தரவு செய்தால் பறவை கூட்டையே கைவிடலாம். குஞ்சு பறக்கும் தறுவாயில் கிட்டப் போனால் பயந்து முன்கூட்டியே குதித்துவிடும். வடக்குத் தீவு ராபினுக்குக் கிட்டப் போகாமலே கூடு காணும் வழி இருக்கிறது. ஆணுக்கு ஒரு புழுவைக் கொடுத்தால், அது அடைகாக்கும் பெண்ணைக் கூட்டிலிருந்து வெளியே அழைத்து ஊட்டும். கூட்டுக்குத் திரும்பும் அந்தப் பெண்ணைப் பின்தொடர்ந்தால் போதும். சரி, புழுவை நிறையக் கொடுத்தால்? ஆண் மிச்சத்தை மரப்பிளவில் ஒளித்துவைக்கப் போய்விடும், கூடு தெரியாது.

எல்லாவற்றிலும் மனத்தை வருத்துவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. நியூசிலாந்தைச் சேர்ந்த சாத்தம் தீவுகளின் கறுப்பு ராபின் 1980இல் உலகத்திலேயே ஐந்துதான். அவற்றில் குஞ்சுகளை வளர்த்தெடுத்த பெண் ‘ஓல்ட் புளூ’ ஒன்றே. நியூசிலாந்துப் பறவைப் பாதுகாவலர் டான் மெர்ட்டனின் குழுவினர் முட்டைகளை வேறு பறவைகளின் கூட்டில் வைத்து வளர்த்து அந்த இனத்தையே மீட்டார்கள். அது பெரிய சாதனை. ஆனால் சில பெண்கள் கூட்டின் விளிம்பில் முட்டையிடத் தொடங்கின. விட்டால் அது பொரியாது, அதனால் ஒவ்வொரு முட்டையையும் கையால் உள்ளே தள்ளிவைத்தார்கள். அந்தக் குறை மரபில் வருவது. காப்பாற்றக் காப்பாற்ற அது பரவியது, 1989க்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் அப்படியே முட்டையிட்டன. தள்ளிவைப்பதை நிறுத்திய பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஐந்து பறவை இருக்கும்போது யாராலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது, அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் கை வைத்த கூடுகளைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும், எண்ணிக்கை தேறியதும் கையை எடுக்க வேண்டும்.

அப்புறம், குஞ்சு பறந்ததும் நோட்டை மூடிவிடக் கூடாது. வேலிக்கு வெளியே பறந்துபோன இளம் பறவையைப் பூனை பிடித்துவிடலாம். அடுத்த பருவத்தில் எத்தனை திரும்பிவந்து கூடு கட்டின என்பதுதான் தேவையான எண். அதற்கு ஒவ்வொரு பறவையையும் அடையாளம் காட்டும் நிறக் கால்வளையங்கள் வேண்டும். ஹிஹிக் குஞ்சுக்குச் சுமார் 21 நாளில், கூட்டுப்பெட்டிக்குள் இருக்கும்போதே போட்டுவிடுவார்கள். நிற வரிசையை ஒருவர் சொல்ல, இன்னொருவர் எந்தக் கால், மேலா கீழா என்று திருப்பிப் படித்துச் சரிபார்த்து எழுதினால் குழப்பம் வராது.