வாக்கர், ஊன்றுகோல், கைப்பிடிக் கம்பி: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் அறுவைச் சிகிச்சையோ பக்கவாதமோ முடிந்து ஒருவர் வீடு திரும்பும்போது, குடும்பத்தார் அவசரமாகக் கடைக்குப் போய் ஒரு வாக்கரையோ ஊன்றுகோலையோ வாங்கி வருவார்கள். வாங்கியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் முதல் தவறு. கருவியை அவருடைய உடலுக்கும் அவர் நடமாடும் வீட்டுக்கும் பொருத்தும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஊன்றுகோலையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக அணியும் செருப்புடன் அவரை நேராக நிற்கவைத்துக் கையைத் தொங்கவிடச் சொன்னால், கோலின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். தாழ்ந்தால் உடல் முன்னால் குனியும். அலுமினியக் கோல்களில் உயரத்தை மாற்றுவதற்கென்றே துளைகள் இருந்தும், கடையில் எடுத்த அளவிலேயே ஆண்டுக்கணக்கில் ஊன்றி நடப்பவர்கள் உண்டு. வலிக்கும் காலின் பக்கத்துக் கையிலேயே கோலைப் பிடிப்பது இன்னும் பரவலான பிழை. வலது முழங்காலில் வலி என்றால் கோல் இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை எடுத்து வைக்கும்போதே அதுவும் முன்னே போனால்தான் எடையின் ஒரு பகுதியை அது தாங்கும். அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. அதன் வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால், ஈர டைல்ஸில் கோலே முதலில் வழுக்கும்.

குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பற்றிக்கொண்டு எழுவது ஆபத்தானது. அது துண்டின் எடைக்காகச் செய்யப்பட்டது. சுவரில் காற்றழுத்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளும் ஓர் ஆளின் எடைக்கு நம்பத்தக்கவை அல்ல. உறுதியான கம்பியை, டைல்ஸுக்குப் பின்னாலுள்ள செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் ஆழத் துளையிட்டே பொருத்த வேண்டும். பொருத்தும் இடத்தைப் பிளம்பரின் வசதிக்கு விட்டுவிடாமல், கம்பியைப் பயன்படுத்தப்போகிறவரைக் கமோடில் உட்காரவைத்து எழச் சொல்லி, கை எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு, வலுவுள்ள கையின் பக்கம் கம்பி வர வேண்டும். கதவு உள்நோக்கித் திறப்பதாக இருந்தால், விழுந்தவரின் உடலே அதை அடைத்துக்கொள்ளும். ஆகவே வெளிப்புறம் திறக்குமாறு மாற்றி, வெளியிலிருந்தும் நீக்கக்கூடிய தாழ்ப்பாளைப் போடுவது நல்லது.

சக்கர நாற்காலி வாங்குமுன் வீட்டுக் கதவுகளை அளந்துவிட வேண்டும். கூடத்தில் தாராளமாகச் சுழலும் நாற்காலி குளியலறை வாசலில் நின்றுவிடுவது நம் வீடுகளில் சாதாரணம். வாசலில் சாய்தளம் போடுபவர்கள், இடமில்லை என்று நீளத்தைக் குறைத்துச் செங்குத்தாக்கிவிடுகிறார்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. அரையடிப் படிக்கே 6 அடி வேண்டும்.

காதுக்கருவியின் சிக்கல் வேறு வகையானது. முதல் வாரத்தில் மின்விசிறியின் இரைச்சலும் பாத்திரங்களின் ஒலியும் தாங்காமல் கழற்றிவைத்தால், அது இழுப்பறையிலேயே தங்கிவிடும். அமைதியான அறையில் நாளுக்குச் சில மணி நேரம் அணிந்து பழகி, செவித்திறன் வல்லுநரிடம் திரும்பச் சென்று ஒலியளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பொத்தான் வடிவத் துத்தநாக பேட்டரிகளின் மேலுள்ள ஒட்டுத்தாளை முன்கூட்டியே உரித்துவைப்பதும் வீண்செலவு. காற்றுப் பட்டதுமே அவை செயல்படத் தொடங்கி, பயன்படுத்தாமலே தீர்ந்துபோகும்.

கைக்காசைச் செலவிடுமுன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கத் தவறாதீர்கள். வருமானம் குறைந்த மூத்த குடிமக்களுக்காக 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் ஊன்றுகோல், வாக்கர், காதுக்கருவி, சக்கர நாற்காலி ஆகியவை இலவசமாகத் தரப்படுகின்றன. ஆனால் இலவசம் என்பதற்காக அளவு பாராமல் பெற்று வருவதும் தவறுதான்: நாற்காலியில் அமர்ந்தபின் இடுப்பின் இருபுறமும் ஏறக்குறைய ஓர் அங்குலம் இடைவெளி இருக்கிறதா, பாதங்கள் தொங்காமல் மிதிபலகையில் படிகின்றனவா என்பதைக் கருவி வழங்கும் முகாமிலேயே உட்காரவைத்துப் பார்த்துவிடுங்கள்.