எலுமிச்சை அழகியை முட்டையிலிருந்து வளர்ப்பது எப்படி?

கறுப்பு இறக்கையில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்னிறக்கையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு, வால் கிடையாது. இதுதான் எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி. அரேபியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் இதை அடர்காட்டில் தேட வேண்டாம். வெயில் விழும் தோட்டமும் ஆற்றங்கரையும்தான் இதன் இடம்.

1. முட்டையைக் கண்டுபிடியுங்கள்
எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் கொழுந்தைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில், மஞ்சளாக, தனித்தனியாக ஒட்டியிருக்கும். ஒன்றிரண்டை மட்டும் இலையோடு கிள்ளி எடுங்கள்.

2. ஜாடியைத் தயார் செய்யுங்கள்
அகல வாய் ஜாடி, மேலே வலைத்துணி. கொப்பைத் தண்ணீர்க் குப்பியில் செருகி, வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் புழு உள்ளே விழுந்து மூழ்கிவிடும். மருந்து அடித்த இலை வேண்டவே வேண்டாம். கழுவினாலும் நம்பாதீர்கள்.

3. புழுவைக் கவனியுங்கள்
சில நாளில் பொரியும். சின்னப் புழு அச்சு அசல் பறவை எச்சம் போலிருக்கும். பறவைகள் கொத்தாமல் தப்பிக்கத்தான் இந்த வேடம். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு பச்சைக்கு மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனாலும் அடிக்கடி சீண்டாதீர்கள். தினமும் புழுக்கையைத் தட்டிவிட்டு இலையை மாற்றுங்கள். எச்சத்தில் ஈரம் தேங்கினால் பூஞ்சை வரும். புழு தின்னாமல் அசையாமல் கிடந்தால் செத்துவிட்டதென்று பதறாதீர்கள். தோலுரிக்கப் போகிறது, தொடாதீர்கள்.

4. கூட்டுப்புழு
வளர்ந்த புழு திடீரென்று தீனியை விட்டு அலையும். ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். இடுப்பில் பட்டுநூல் கட்டிக்கொண்டு, சுற்றுப்புறத்துக்கேற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ கூட்டுப்புழுவாகும். இனி உங்களுக்கு வேலையே இல்லை. இலையை எடுத்துவிடுங்கள்.

5. வெளிவரும் நாள்
கூடு கறுத்து இறக்கையின் திட்டுகள் உள்ளே தெரிந்தால் நேரம் நெருங்கிவிட்டது. வெளியே வந்ததும் சுருங்கிய இறக்கையைத் தொங்கவிட்டு விரிக்க வேண்டும். அதற்கு இடம் இருக்கட்டும். பிரித்து உதவி செய்யப் போனால் இறக்கை முடமாகிவிடும். கீழே சொட்டும் கலங்கல் நீர் ரத்தமல்ல, கழிவுதான்.

இறக்கை காய்ந்ததும் வெயிலில் திறந்துவிடுங்கள். மழை பெய்தாலோ பொழுது சாய்ந்துவிட்டாலோ மறுநாள் காலை வரை ஜாடியிலேயே இருக்கட்டும், அதுவரை பசிக்காது.