எந்த வெள்ளிக்கு (நட்சத்திரத்துக்கு) வெளிச்சம் அதிகம்? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் மழை ஓய்ந்துவிடும். குளிர் எலும்பு வரை இறங்கும், ஆனால் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேக்கணக்கில் (மேல் பிரிவில்), லயத்து இஸ்தோப்பில் (வீட்டுத் திண்ணையில்) நின்றுகொண்டிருந்தோம். மணி பத்து இருக்கும். தெற்கே மலைக்கு மேல் அகத்தியர் (Canopus) என்கிற வெள்ளி. அதற்கும் மேலே, உச்சிக்கு முக்கால் வழியில் சிரியஸ். தங்கச்சி மகன் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, அகத்தியருக்கு 0.74, சிரியஸுக்கு 1.46. அப்ப சிரியஸ்தான் ரெண்டு மடங்கு வெளிச்சம்."

விடை சரி. செய்கை முழுக்கத் தவறு.

முதலில், அவன் இரண்டு எண்களுக்கும் முன்னால் இருந்த சய (−) அடையாளத்தைக் கவனிக்கவில்லை. நட்சத்திரத்தின் வெளிச்சத்தைச் சொல்லும் இந்த எண், அதாவது பொலிவெண், தலைகீழாகப் போகும்: எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். இது வகுப்பில் முதலாம் பிள்ளை, ஆறாம் பிள்ளை என்கிற மாதிரிதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி எழுதிய பட்டியலில் நன்றாகத் தெரிபவை முதல் தரம், கண்ணுக்கு அரைகுறையாகப் படுபவை ஆறாம் தரம். பிற்காலத்தில் அளந்து பார்த்தபோது சில வெள்ளிகள் முதலாம் பிள்ளையையும் மிஞ்சின. அதனால் பூச்சியத்துக்கும் கீழே போகவேண்டி வந்தது.

இரண்டாவது, அவன் வகுத்தான். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். பொலிவெண்களை வகுக்கக் கூடாது, கழிக்க வேண்டும். 1856இல் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன் ஒரு கணக்கைக் கட்டினார்: 5 எண் வித்தியாசம் என்றால் ஒளி சரியாக 100 மடங்கு. அப்படியென்றால் ஒரு எண்ணுக்குச் சுமார் 2.5 மடங்கு. (இந்தப் போக்சன் பிறகு 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தவர். நமக்கு அவ்வளவு அந்நியமான ஆள் இல்லை.) சிரியஸுக்கும் அகத்தியருக்கும் வித்தியாசம் 0.72. அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். மருமகனுக்கும் இரண்டுதான் வந்தது, குருட்டு அதிர்ஷ்டத்தில்!

அவன் வழியை வேறு இரண்டு வெள்ளிகளில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ரைஜெல் 0.13, ரோகிணி (Aldebaran) 0.85. வகுத்தால் ஆறரை மடங்கு. கழித்தால் இங்கேயும் அதே 0.72, அதே இரண்டு மடங்குதான். பையன் வானத்தை நிமிர்ந்து பார்த்தான். ஆறரை மடங்கு அங்கே எங்கும் இல்லை.

கூட்டுவதிலும் இதே வில்லங்கம் உண்டு. பொலிவெண் 2 உள்ள இரண்டு வெள்ளிகள் ஒட்டி நின்றால் 4 ஆகிவிடாது, 1.25 ஆகும். கல்யாண வீட்டில் பொண்ணு மாப்பிள்ளைக்குக் காட்டுகிற அருந்ததி 4, வசிட்டர் 2.2. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத கண்ணுக்குச் சேர்ந்து ஏறக்குறைய 2 என்று தெரியும்.

அடுத்தது தூரம். மேக்கணக்கில் நின்றால் பக்கத்து லயத்துக் குண்டு பல்பு கண்ணைக் கூசும். அக்கரை மலையில் ஸ்டோரின் (தேயிலை ஆலையின்) பெரிய லைட்டுகள் வெறும் மினுங்கல். கரண்ட் பில் யாருக்கு அதிகம் என்று கேட்டால் யாரும் பல்பைக் காட்டமாட்டார்கள், ஆனால் வானத்தைப் பார்க்கும்போது இது மறந்துபோகும். சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது, அகத்தியர் சுமார் 310. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகும். இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்தால் அகத்தியர் 600 மடங்குக்கு மேல் பிரகாசம். அதற்காகத்தான் எல்லாவற்றையும் 32.6 ஒளியாண்டில் வைத்ததாக நினைத்து இன்னொரு எண்ணும் போடுகிறார்கள், தனிப் பொலிவெண் என்று. அந்தக் கணக்கில் நம் சூரியனுக்கு 4.8. அதாவது, வெறுங்கண்ணால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

துருவ நட்சத்திரம்தான் வானத்திலேயே பிரகாசமானது என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். அதன் பொலிவெண் 2, முதல் நாற்பதுக்குள்கூட வராது. நமக்கு அது அடிவானத்திலிருந்து 7 பாகைதான் உயரம். பாதித் தோட்டங்களில் மலையே மறைத்துவிடும், மறைக்காத இடத்திலும் உச்சியில் உள்ள வெள்ளியைப் போல ஏழெட்டு மடங்கு காற்றைத் துளைத்து அதன் ஒளி வரவேண்டும். ஆகவே தாழ இருப்பதை உயரே இருப்பதோடு ஒப்பிடாதீர்கள். அப்புறம், கண் இருட்டுக்குப் பழக, பார்ப்பதற்கு முன் இருபது நிமிடமாவது போனை மூடி வையுங்கள். இது என் மருமகனுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, பட்டியலில் உள்ள எண் எப்போதும் அப்படியே நிற்கும் என்று நினைப்பது. திருவாதிரைக்கு (Betelgeuse) பெரும்பாலும் 0.5 என்று போட்டிருக்கும். 2020 பெப்ரவரியில் அது 1.6 வரை மங்கிப்போய், ரோகிணிக்கும் பின்னால் நின்றது. வெடிக்கப்போகிறது என்று ஒரே பரபரப்பு. பிறகு பார்த்தால், அது தானே கக்கிய தூசுதான் நம் பார்வையை மறைத்திருக்கிறது. திருவாதிரை நம் மலைநாட்டில் கிட்டத்தட்ட நேர் உச்சியால் போகும், ரோகிணியும் அதற்குப் பக்கத்தில் உயரத்தில்தான் இருக்கும். இரண்டும் செம்மஞ்சள் நிறம் என்பதால் நிறமும் கண்ணை ஏமாற்றாது. கண்ணால் ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல சோடி கிடைக்காது. பார்த்த திகதியையும், எது கூட, எது குறைய என்பதையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.