பழைய கார்டிலும் தெளிவான படம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், என் வீட்டு முன்னறையில்தான் கொம்பியூட்டர் திருத்துகிறேன். போன கிழமை அக்காவின் மகன் தன்னுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டு 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி மெமரி. "மாமா, ஜிடிஏ 5 ஸ்டக் ஆகுது" என்றான். முதலில் கேமின் பட செட்டிங் எல்லாவற்றையும் ஆகக் கூட்டி வைத்திருக்கிறான். ஓடாமல் போகவே எல்லாவற்றையும் ஆகக் குறைத்துவிட்டான். இப்போது ஓடுகிறது, ஆனால் வீதி களிமண்ணைக் குழைத்துப் பூசியது போலக் கிடக்கிறது.

இப்படி மொத்தமாகக் கூட்டிக் குறைப்பதை விடுங்கள். கேமுக்குள் நீளமான வீதியும் மேலே மின்கம்பிகளும் தெரிகிற ஓர் இடத்தில் ஆளை நிறுத்துங்கள். ஒவ்வொரு செட்டிங்காக மாற்றி, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

ரெசொலூஷனில், அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையில், முதலில் கை வைக்க வேண்டாம். 1920×1080 என்றால் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள், 1280×720 என்றால் 9.2 லட்சம். கார்டுக்கு வேலை பாதிக்கு மேல் குறையும், சரி. ஆனால் ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளி அகலத்துக்கு இழுக்க வேண்டி வருவதால் எழுத்துகூட மங்கிவிடும்.

டெக்ஸ்சர், அதாவது சுவர், வீதி மேல் ஒட்டுகிற படம், பெரும்பாலும் மெமரியைத்தான் தின்னும், வேகத்தை அவ்வளவாகத் தொடாது. ஜிடிஏ 5இல் எவ்வளவு மெமரி போகிறதென்று செட்டிங்ஸ் பக்கத்திலேயே ஒரு கோடு காட்டும். அது எல்லைக்குள் நிற்கும்வரை கூட்டி வையுங்கள்.

அடுத்தது அனிசோட்ரொபிக் ஃபில்டரிங், சாய்வாகத் தூரம் போகும் பரப்பைக் கூர்மையாக வைப்பது. பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள். பண்ணைப் பாலத்து வீதியில் நின்று மண்டைதீவுப் பக்கம் பார்த்தால் வெள்ளைக் கோடு தூரத்திலும் கூர்மையாகத் தெரியுமல்லவா? கேமில் இது குறைவாக இருந்தால் அந்தக் கோடு பத்தடி தாண்டியதும் கரைந்துவிடும். 16இல் வைத்தாலும் இந்தக் கார்டுக்கு அது பெரிய சுமையில்லை. மருமகனுக்கு இதை மட்டும் மாற்றிக் காட்டினேன், களிமண் திரும்பவும் தார் வீதியானது.

இனி மேலே பாருங்கள். மின்கம்பி படிக்கட்டுப் போல உடைந்து, நடக்கும்போது மினுங்கினால் அங்கே விளிம்பைச் சீராக்கும் ஆன்டி-அலையாசிங் போதவில்லை. அதில் சில வகை உண்டு. வானத்துக்கு எதிரே பனையோலை நுனியை வரைவது எவ்வளவு சிரமமோ, கார்டுக்குக் கம்பியும் அப்படித்தான். எம்எஸ்ஏஏ விளிம்புகளில் ஒரு புள்ளிக்குள்ளேயே பல இடங்களைப் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்கும். அழகு, ஆனால் பாரம். எஃப்எக்ஸ்ஏஏ வரைந்து முடித்த படத்தில் விளிம்புகளைத் தேடித் தேய்த்துவிடும். மலிவு, படம் கொஞ்சம் மென்மையாகும். இந்தக் கார்டில் நான் எஃப்எக்ஸ்ஏஏயுடன் நிறுத்திக்கொண்டேன். புதிய கேம்களில் வரும் டிஏஏ முந்திய ஃபிரேம்களையும் சேர்த்துக் கலக்கும். அதில் கம்பி அசையாமல் நிற்கும், ஆனால் வேகமாக ஓடும் வாகனத்துக்குப் பின்னால் சில வேளை வால் போல நிழல் நீளும்.

குறைக்க வேண்டியது புல்லும் நிழலும். புல்லை 'அல்ட்ரா'வில் வைத்தால் நகரத்துக்குள் சுமை தெரியாது, நாட்டுப்புறம் போனதும் படம் திணறும். இரண்டு படி இறக்கி 'ஹை'யில் வையுங்கள்.

ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிட்டு வெளிச்சத்தை வரையும் ரே டிரேசிங்கை இந்தக் கார்டில் நினைக்க வேண்டாம். 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் வரிசையில்தான் இந்தக் கார்டின் நிறுவனமான என்விடியா அதற்கென்றே தனி வன்பொருள் வைத்தது. சிறிதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸும் அந்தக் கார்டுகளுக்குத்தான். புதிய கேம் ஏதும் திணறினால் அதில் அதே போன்ற எஃப்எஸ்ஆர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு கார்டு நிறுவனமான ஏஎம்டி 2021இல் கொண்டுவந்தது, பழைய என்விடியா கார்டிலும் வேலை செய்யும். குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கித் தரும், எழுத்துகளை மங்கவிடாது. அதன் நிலைகளில் 'குவாலிட்டி'யில் தொடங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் மருமகன் நிழலை மட்டும் ஒரு படி கூட்டச் சொன்னான். கூட்டிவிட்டு கேமில் மலைப்பக்கம் காரை ஓட்டிப் பார்த்தோம். புல்லுக்குள்ளும் திணறவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.