பரோக் வயலின் கான்செர்ட்டோ பதிவுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரோக் காலத்து (ஏறத்தாழ 1600–1750) இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ என்பது பருவத்துக்கு ஒன்றாக அமைந்த நான்கு வயலின் கான்செர்ட்டோக்கள், அதாவது தனி வயலினும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள். அதற்கு இன்று கிடைக்கும் பதிவுகளை ஒருவர் வாழ்நாளெல்லாம் கேட்டாலும் தீர்ந்துவிடாது. அவற்றில் இரண்டை அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, ஒன்று உயிரோட்டமானது, மற்றொன்று மந்தமானது என்று தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் காதில் விழும் வேறுபாடு இசையமைப்பாளர் வாசிப்பவருக்கென விட்டுவைத்த இடத்திலிருந்து வந்திருக்கலாம். குழு பயன்படுத்திய இசைத்தாள் பதிப்பிலிருந்து வந்திருக்கலாம். வாசிப்பவரின் கற்பனையிலிருந்தோ ஒலிப்பதிவுப் பொறியாளரின் கையிலிருந்தோ வந்திருக்கலாம். இவை அத்தனையையும் வயலின் கலைஞரின் கணக்கிலேயே எழுதிவிடுவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது இவற்றுள் மிகச் சாதாரணமாக நடப்பது. ஒரே வாசிப்பைச் சற்றே உரக்கக் கேட்டால்கூட அது தெளிவாகவும் துடிப்பாகவும் இருப்பதாக நம் காது நம்பிவிடும். தனி வயலினுக்கு மிக அருகே மைக் வைத்த பதிவு, பெரிய தேவாலயத்தின் எதிரொலியோடு தொலைவிலிருந்து எடுத்த பதிவை இந்த வகையில் எப்போதும் வென்றுவிடும். ஆகவே முதலில் இரண்டின் ஒலியளவையும் காதால் இணையாக்கிக்கொண்டு, பிறகு ஒரே பகுதியை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி இதற்குப் போதாது. செல்லோ, ஹார்ப்சிகார்ட் (தந்திகளை மீட்டி ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி), தியார்போ (நீண்ட கழுத்துடைய மீட்டுக் கருவி) ஆகியவை சேர்ந்து தாங்கும் கீழ்த்தளம்தான் பரோக் இசையின் முதுகெலும்பு. அது கேட்காத நிலையில் செய்யும் ஒப்பீடு பாதி இசையை வைத்துச் செய்யும் ஒப்பீடாகவே இருக்கும்.

சுருதி தாழ்ந்திருப்பதைச் சோர்வு என்று எண்ணுவதும் பரவலான பிழை. பழங்காலக் கருவிகளில் வாசிக்கும் குழுக்கள் பல, சுருதி சேர்க்கும் ‘ஏ’ சுரத்துக்கு 415 ஹெர்ட்ஸை (நொடிக்கு 415 அதிர்வுகள்) அடிப்படையாகக் கொள்கின்றன. இது இன்றைய 440ஐ விட ஏறத்தாழ அரைச்சுரம் கீழே இருப்பது. பாடகருக்குப் பாடகர் சுருதி மாறுவதைக் கேட்டுப் பழகிய கர்நாடக இசை ரசிகருக்கு இது உடனே விளங்கிவிடும். அதே வேளையில் 415தான் உண்மையான பரோக் சுருதி என்று வாதிடுவதும் சரியன்று. 18ஆம் நூற்றாண்டில் சுருதி ஊருக்கு ஊர் வேறுபட்டது. வெனிஸில் அது உயர்ந்தே இருந்ததால், விவால்டியை 440இல் வாசிக்கும் பழங்காலக் கருவிக் குழுக்களும் உண்டு. வில்லைப் பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. பரோக் வில் நுனியில் இலேசானது. நீண்ட சுரம் ஒன்று அதில் மலர்ந்து மெல்ல அடங்குவது அதன் இயல்பு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருப்பெற்ற நவீன வில்லின் சீரான நீளொலியை அங்கே எதிர்பார்த்துவிட்டு, வாசிப்பில் வலுவில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது.

‘பழங்காலக் கருவி வாசிப்பு’ என்பதை ஒரே பாணியாகக் கருதுபவர்களுக்கு மூன்று பதிவுகளைப் பரிந்துரைப்பேன்: ஹார்னன்கோர்ட் குழுவின் 1977 பதிவு, பின்னாக் தலைமையில் வயலின் கலைஞர் சைமன் ஸ்டாண்டேஜ் 1980களின் தொடக்கத்தில் தந்த பதிவு, இல் ஜார்டினோ ஆர்மோனிகோ குழுவின் 1990களின் பதிவு. மூன்றிலும் கருவிகளின் இனம் ஒன்றே. மனநிலைகளோ ஒன்றுக்கொன்று அந்நியமானவை. மறுபக்கம், நெவில் மாரினர் நடத்தி ஆலன் லவ்டே வாசித்த 1969ஆம் ஆண்டுப் பதிவு நவீனக் கருவிகளில் அமைந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கத்தக்கதன்று. அதில் சைமன் பிரெஸ்டனின் ஹார்ப்சிகார்ட் காட்டும் கற்பனையை இன்றும் வியந்து கேட்கலாம்.

இன்னொரு தவறு, எல்லோருக்கும் தெரிந்த ‘வசந்தம்’ முதற்பகுதியின் தொடக்கத்தை மட்டும் கேட்டு மதிப்பிடுவது. அந்த இடத்தை யாரும் அவ்வளவு எளிதில் கெடுத்துவிடுவதில்லை. அதன் இரண்டாம் பகுதிக்குச் செல்லுங்கள். தனி வயலின் உறங்கும் ஆட்டிடையன்; குழுவின் இரு வயலின் வரிசைகளும் மிக மெல்லிய இலைச் சலசலப்பு; வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியுடைய வயோலா அவன் அருகில் குரைக்கும் நாய். விவால்டி வயலின்களை எப்போதும் மிக மெதுவாக ஒலிக்கச் சொல்லிவிட்டு, வயோலாவை மட்டும் எப்போதும் மிக உரக்க, பிய்த்தெடுப்பது போல வாசிக்கச் சொல்கிறார். பல பதிவுகளில் அந்த நாய் நாகரிகமாக வாயை மூடிக்கொள்கிறது. மேலும், இப்பகுதியில் கீழ்த்தளமான அடிநாதக் குரலே எழுதப்படவில்லை. செல்லோவும் ஹார்ப்சிகார்டும் கேட்டால் அது குழுவினர் சேர்த்தது. ஒரு குழு தாளில் உள்ளதை எவ்வளவு துணிவோடு நம்புகிறது என்பதை இந்தச் சில நிமிடங்களே காட்டிவிடும்.

‘இலையுதிர்காலம்’ இரண்டாம் பகுதி வேறு வகையில் ஏமாற்றக்கூடியது. குடித்துவிட்டு உறங்குபவர்களைச் சித்திரிக்கும் இடம் அது. தந்திக் கருவிகள் ஒலியடக்கி பொருத்தி நீண்ட சுரங்களைத் தாங்கி நிற்க, ஹார்ப்சிகார்ட் அந்தச் சுரக்கூட்டுகளைப் பிரித்துப் பிரித்து மீட்ட வேண்டும் என்று மட்டும் குறிப்பு இருக்கிறது, எப்படி என்று எழுதப்படவில்லை. இங்கே இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு வயலின் கலைஞர்களைத் தரம் பிரிப்பவர் உண்மையில் இரண்டு ஹார்ப்சிகார்ட் கலைஞர்களையே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

கால அளவைப் பார்த்து வேகத்தை முடிவுசெய்வதும் போதாது. ‘குளிர்காலம்’ லார்கோவை (மெதுவான இரண்டாம் பகுதியை) சிலர் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள்; சிலர் இரண்டு நிமிடத்தைத் தாண்டுகிறார்கள். ஆனால் வெளியே பெய்யும் மழையாக வயலின்கள் விரலால் மீட்டும் சுரங்கள் துளித்துளியாகத் தெறிக்கின்றனவா, மேலே பாடும் தனி வயலின் மூச்சுவிட இடம் பெறுகிறதா என்பதை எந்தக் கடிகாரமும் சொல்லாது.

பதிப்பை விசாரிக்காமல் விடுவது இதைவிட நுட்பமான பிழை. ‘நான்கு பருவங்கள்’ 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. விவால்டியின் சொந்தக் கையெழுத்துப்படி கிடைக்கவில்லை. மான்செஸ்டர் நூலகத்தில் உள்ள பழைய கைப்பிரதி சில இடங்களில் அச்சுப் பிரதியிலிருந்து வேறுபடுகிறது. பழகிய சுரம் மாறிக் கேட்டால், அதைப் பிழை என்றோ அத்துமீறல் என்றோ சொல்வதற்கு முன்பு, குழு எந்தப் பிரதியைப் பின்பற்றியது என்று இசைத்தட்டின் உறைக்குறிப்பில் பார்ப்பது நல்லது. யார் வாசித்தது, எப்போது வாசித்தது என்பதையும் அங்கேயே சரிபார்க்கலாம். வயலின் கலைஞர் ஃபெலிக்ஸ் ஆயோ ‘இ மூசிசி’ குழுவோடு 1950களிலேயே இருமுறை பதிவுசெய்திருக்கிறார். நடத்துநர் ஹாக்வுட் தன் பதிவில் பருவத்துக்கு ஒருவராக நான்கு வயலின் கலைஞர்களை அமர்த்தினார். இசைச் செயலிகள் காட்டும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டே.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவுக்கு (அவர் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 1043) இன்னும் கூடுதல் கவனம் தேவை. அதன் மெதுவான பகுதியை இரண்டாம் வயலின் தொடங்குகிறது. சற்றுப் பிறகு முதல் வயலின் அதே மெட்டை ஐந்தாம் சுரம் மேலே ஏந்தி வருகிறது. மெனுஹினும் எனெஸ்குவும் 1932இல் வாசித்த பதிவு, இட–வலப் பிரிவில்லாத ஒற்றைத் தடத்தில் (மோனோ) உள்ளது. இன்றைய பதிவுகளில் இரு வயலின்களும் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்கின்றன. அந்தப் பிரிவினால் வரும் தெளிவைக் கலைஞர்களின் சாதனையாகக் கணக்கிடக் கூடாது. ஒருவர் மெட்டைக் கைமாற்றும்போது மற்றவர் எப்படி ஒதுங்கி வழிவிடுகிறார், இருவர் குரலும் ஒன்றாகக் கரைகின்றனவா அல்லது இரண்டு மனிதர்களாகவே நிற்கின்றனவா என்பவை ஒற்றைத் தடத்திலும் கேட்கும்; ஒப்பிட வேண்டியவை அவைதாம்.