நுவரெலியாவில் குதிரை ஏறப்போகிறவர்களுக்கு

வவுனியா, கிளிநொச்சிப் பக்கமிருந்து சனி ஞாயிறில் நுவரெலியா போகிறவர்கள் கிரகரி வாவியடியில் குதிரையைக் கண்டதும் செருப்போடேயே ஏறிவிடுகிறார்கள். வேண்டாம். சின்னக் குதி உள்ள சப்பாத்துப் போடுங்கள், அங்கவடியில் (சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையம்) பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்துக் குதியைக் கீழே அழுத்துங்கள், ஏனென்றால் கால் முழுதாக உள்ளே போய் மாட்டியபடி விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு போய்விடும், விழுவதைவிட அதுதான் ஆபத்து.

இன்னொன்று, சேணத்தின் வயிற்று வார். இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிவிடும் (கள்ளக் குதிரைகள்!), கொஞ்சம் நடந்ததும் வார் தளர்ந்துவிடும். அதனால் சிறிது தூரம் போனதும் குதிரைக்காரரிடம் "அண்ணை, வாரை ஒருக்கா பாருங்கோ" என்று கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் குளக்கட்டுபோலச் சமதரை இல்லை நுவரெலியா. ஏற்றத்தில் சற்று முன்னால் சாயுங்கள், கடிவாளத்தைத் தளர்த்தினால் குதிரை தலையை நீட்டி ஏறும். இறக்கத்தில் நிமிர்ந்து, கொஞ்சம் பின்னுக்கு.

அப்புறம், பின்பக்கமாகக் கிட்டப் போய்ப் படம் எடுக்க வேண்டாம். உதைத்துவிடும்.